குட்டிக்கு ஒரு பேர், பெருசுக்கு ஒரு பேர்

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்துச் சுருக்கிய எழுத்து வடிவம்)

வழக்கம்போல திருநின்றவூர்ல என் மாடி அறையில இருந்துதான் பேசுறேன். நடுவுல மின்சார ரயில் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க. எழுத்துல படிக்கிறவங்க தப்பிச்சீங்க.

இன்னைக்கு டைனோசர் பத்திப் பேசப்போறோம். ஆனா முதல்ல எங்க ஊர் ஏரிக்கரைக்குப் போயிட்டு வந்துடலாம். போன வருஷம் ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கேமராவைத் தூக்கிட்டுப் போனேன். கரையோர மரத்துல ஒரு பறவை. பழுப்பு நிறம், உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி, ஆரஞ்சுக் கண்ணு. அதே மரத்துல ரெண்டு கிளை தள்ளி இன்னொண்ணு. சாம்பல் உடம்பு, கறுப்பு முதுகு, கறுப்புத் தொப்பி, ரத்தச் சிவப்புக் கண்ணு. ரெண்டையும் படம் பிடிச்சு, பறவை பார்க்கிற நண்பர்கள் குழுவுல போட்டேன். ரெண்டாவது பறவைக்கு "வக்கா"ன்னு சரியா எழுதினேன். முதல் பறவைக்கு "மடையான்"னு எழுதினேன். கொஞ்சம் குண்டா இருக்கேன்னு சந்தேகம் இருந்தும் எழுதினேன்.

அஞ்சு நிமிஷத்துல ஒரு பெரியவர் பதில் போட்டார்: "தம்பி, ரெண்டும் வக்காதான். முதல்ல இருக்கிறது இளசு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வந்து பாருங்க, அதுவும் தொப்பி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்."

சரி, ஒரு கற்பனை. இந்த ரெண்டு பறவையும் செத்து, சேத்துல புதைஞ்சு, கல்லாகி, ஏழு கோடி வருஷம் கழிச்சு யாரோ தோண்டி எடுக்கிறாங்கன்னு வைங்க. குஞ்சு வளர்ந்து பெருசாகுறதைக் கண்ணால பார்த்த ஒரு ஆள்கூட அப்போ இருக்க மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு அந்தக் குழுவுல சொல்ற பெரியவரும் இருக்க மாட்டார். அவங்க என்ன பண்ணுவாங்க? நான் பண்ணதையேதான் பண்ணுவாங்க. ரெண்டு பேர் வைப்பாங்க.

நாமளும் டைனோசர்களுக்கு இதைத்தான் செஞ்சிருக்கோமா? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

இந்தச் சந்தேகம் பழசு. 1975-ல் பீட்டர் டாட்சன்ங்கிற அமெரிக்க ஆய்வாளர், கனடாவுல கிடைச்ச கொண்டை வெச்ச வாத்துவாய் டைனோசர்களை எடுத்து வரிசையா அளந்தார். அதுவரைக்கும் 12 இனம்னு எழுதி வெச்சிருந்தாங்க. சின்னதுக்குக் கொண்டையே இல்லை, கொஞ்சம் பெருசுக்குச் சின்னக் கொண்டை, ரொம்பப் பெருசுக்குப் பெரிய கொண்டை. அளந்து முடிச்சப்போ 12 போய் 3 ஆச்சு. மத்ததெல்லாம் சின்ன வயசு, பெரிய வயசு, ஆண், பெண் வித்தியாசம்னார்.

அப்புறம் ஜாக் ஹார்னர் வர்றார். ஜுராசிக் பார்க் படத்துக்கு ஆலோசகரா இருந்தவர். அவரும் மார்க் குட்வினும் 2009-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. பேக்கிசெஃபலோசாரஸ் தெரியுமில்ல, மண்டை மேல கிரிக்கெட் ஹெல்மெட் மாதிரி எலும்புக் குமிழ் இருக்குமே, அது. அதே காலத்துப் பாறைகள்ல இன்னும் ரெண்டு கிடைச்சிருந்தது. ஸ்டிகிமோலாக், தலையில நீளமான கொம்புகள், நடுத்தரமான குமிழ். டிராகோரெக்ஸ், குமிழே இல்லாத தட்டைத் தலை, நிறைய முள்ளு. இந்த டிராகோரெக்ஸுக்கு 2006-ல்தான் பேர் வெச்சாங்க, அதுவும் ஹாரி பாட்டர் பள்ளிக்கூடத்துப் பேரைச் சேர்த்து. இது மூணும் ஒரே விலங்கோட மூணு வயசுன்னு ஹார்னர் சொன்னார். வளர வளரக் கொம்பு தேயுது, குமிழ் வீங்குது. இன்னைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இதை ஏத்துக்கிறாங்க.

அடுத்த வருஷம், 2010-ல், ஜான் ஸ்கானெல்லாவும் ஹார்னரும் பெரிய வெடியைக் கொளுத்திப் போட்டாங்க. மூணு கொம்பு ட்ரைசெராடாப்ஸும், கழுத்துக் கவசத்துல ரெண்டு பெரிய ஓட்டை உள்ள டோரோசாரஸும் ஒண்ணுன்னாங்க. ட்ரைசெராடாப்ஸ் நல்லா வயசானா கவசத்துல எலும்பு மெலிஞ்சு ஓட்டை விழும், அதுதான் டோரோசாரஸ். உடனே செய்திகள்ல "ட்ரைசெராடாப்ஸ்னு ஒண்ணு இருந்ததே இல்லை"ன்னு தலைப்பு. அது தப்பு. ரெண்டு பேர் ஒரே விலங்குக்கு இருந்தா, முதல்ல வெச்ச பேர்தான் நிக்கும். ட்ரைசெராடாப்ஸ் 1889, டோரோசாரஸ் 1891. போகணும்னா டோரோசாரஸ்தான் போகணும்.

ஆனா அதுவும் போகலை. 2012-ல் நிக்கோலஸ் லாங்ரிச், டேனியல் ஃபீல்டுன்னு ரெண்டு பேர் மண்டை ஓடுகளைத் திரும்பப் பார்த்தாங்க. மண்டை எலும்புத் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற தையல் கோடு வயசாக ஆக ஒட்டி மறையும். ட்ரைசெராடாப்ஸ்ல நல்லா ஒட்டின கிழடுகளும் இருக்கு, டோரோசாரஸ்ல இன்னும் முழுசா ஒட்டாத இளசும் இருக்கு. டோரோசாரஸ் கிழம்தான்னா, அதுல இளசு எப்படி வந்தது? இன்னைக்குப் பலர் ரெண்டும் தனித்தனின்னுதான் வெச்சிருக்காங்க.

இந்த இடத்துல என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லணும்.

நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். அந்தக் கம்பெனிப் பேர் வேண்டாம். மருத்துவக் காப்பீடு சம்பந்தமான வாடிக்கையாளர் பட்டியல். அதுல டூப்ளிகேட் கொட்டிக் கிடந்தது. நம்ம ஊர்ப் பேர் உங்களுக்குத் தெரியும். ஒரே ஆள் ஆதார்ல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி இருப்பார். இனிஷியல் ஒரு இடத்துல முன்னாடி, ஒரு இடத்துல பின்னாடி, ஒரு இடத்துல விரிச்சு எழுதி அப்பா பேரே முன்னாடி வந்து நிக்கும். இதையெல்லாம் கண்டுபிடிச்சு ஒண்ணாச் சேர்க்கிற ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னாங்க. பிறந்த தேதி ஒண்ணு, விலாசம் ஒண்ணு, போன் நம்பர் ஒண்ணு, அப்பா பேர் ஒண்ணு, பேர்ல ஒரு எழுத்து ரெண்டு எழுத்துதான் வித்தியாசம்னா, ரெண்டும் ஒரே ஆள். ஒண்ணை வெச்சுக்கோ, இன்னொண்ணை அழி. டெஸ்ட் பண்ணேன். அழகா ஓடிச்சு. பட்டியல் மெலிஞ்சது. மேனேஜர் பாராட்டினார்.

நாலாவது நாள் ஒரு அப்பா போன் பண்ணார். அழைப்பு மையத்துல ஆரம்பிச்சு, மேல மேல போயி, கடைசியில என் டேபிளுக்கு வந்தது. அவர் கத்தவே இல்லை. "தம்பி, எனக்கு ரெட்டைப் பொண்ணுங்க. உங்க கம்ப்யூட்டர் ஒரே பொண்ணுங்குது. சின்னவ ஆஸ்பத்திரியில இருக்கா. அவ பேர்ல கார்டே இல்லைன்னு சொல்றாங்க"ன்னார்.

பிறந்த தேதி, வீடு, போன், அப்பா எல்லாம் ஒண்ணுதான். பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். என் ஸ்கிரிப்ட் பார்த்த எல்லா ஒற்றுமையும் உண்மை. முடிவு மட்டும் பொய். பழைய பேக்கப்ல இருந்து அந்தப் பொண்ணோட வரியைத் தேடி எடுத்துத் திரும்பப் போட ஒன்றரை நாள் ஆச்சு. அவ நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டா. ஆனா அந்த ஒன்றரை நாளும் அவர் கையில இருந்து பணம் கட்டினார். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கலை.

இந்தக் கதையை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த டைனோசரைப் பாருங்க.

அமெரிக்காவுல 1942-ல் ஒரு சின்ன மண்டை ஓடு கிடைச்சது. டி. ரெக்ஸ் மாதிரி, ஆனா சின்னது. 1988-ல் அதுக்கு நானோடிரானஸ்னு பேர் வெச்சாங்க, குட்டிக் கொடுங்கோலன். 1999-ல் தாமஸ் கார் வந்து, இது தனி இனம் இல்லை, டி. ரெக்ஸோட குட்டிதான்னார். 2020-ல் ஹோலி உட்வர்டும் கூட்டாளிகளும் இதே மாதிரி ரெண்டு எலும்புக்கூட்டோட கால் எலும்பை மெலிசா அறுத்து மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. மரத்துல வருஷ வளையம் இருக்கிற மாதிரி எலும்புலயும் உண்டு. வளர்ச்சி நின்னு போற காலத்துல ஒரு கோடு விழும். எண்ணினா ஒண்ணுக்குச் சுமார் 13 வயசு, இன்னொண்ணுக்கு 15. ரெண்டும் இன்னும் வளர்ந்துக்கிட்டு இருந்தது. அப்போ டி. ரெக்ஸ் குட்டிதான், கேஸ் முடிஞ்சதுன்னு பலரும் நினைச்சாங்க. நானும் ஒரு பழைய எபிசோட்ல அப்படித்தான் சொன்னேன்.

2025 அக்டோபர்ல கதை புரண்டுடுச்சு. வட கரோலினா அருங்காட்சியகத்துல ஒரு ட்ரைசெராடாப்ஸ் பக்கத்துலயே புதைஞ்சு கிடந்த ஒரு எலும்புக்கூடு இருக்கு. லிண்ட்சே ஸன்னோவும் ஜேம்ஸ் நப்போலியும் அதை ஆராய்ஞ்சு நேச்சர் இதழ்ல எழுதினாங்க. சின்ன உடம்பு, ஆனா வளையம் எண்ணினா சுமார் 20 வயசு, வளர்ச்சியும் முடிஞ்சாச்சு. வாலில் முள்ளெலும்பு எண்ணிக்கை டி. ரெக்ஸைவிடக் கம்மி. கை, டி. ரெக்ஸ் கையைவிடப் பெருசு. உடம்பு பல மடங்கு பெருசாகும்போது கை மட்டும் சின்னதாகுமா? ஆகாது. அதனால நானோடிரானஸ் தனி இனம்தான். அந்த 13 வயசு எலும்புக்கூடு? அதுவும் குட்டிதான், ஆனா டி. ரெக்ஸோட குட்டி இல்லை, நானோடிரானஸ் வகையிலேயே இன்னொரு இனம்னு சொல்றாங்க.

இதுல ஒரு விஷயம் எனக்கு உறைச்சுது. 2020-ல் வளையம் எண்ணினவங்க தப்பா எண்ணலை. "இது இன்னும் வளருது"ங்கிறது சரி. ஆனா "வளர்ந்தா இன்னதா ஆகும்"ங்கிறது வேற கேள்வி. வயசு ஒண்ணு, அடையாளம் ஒண்ணு. முதல் கேள்விக்குக் கிடைச்ச பதிலை ரெண்டாவது கேள்விக்கும் போட்டுட்டோம். என் ஸ்கிரிப்ட் பண்ணதும் அதேதான்.

ஆனா ஒரு வித்தியாசம். நான் வரியை அழிச்சேன். உயிரினங்களுக்குப் பேர் வைக்கிறவங்க ஒரு பேரையும் அழிக்க மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணுன்னு முடிவானா, பின்னாடி வெச்ச பேரை "இதுக்கு இன்னொரு பேர்"னு குறிச்சு வெச்சுடுவாங்க. நம்ம பாஷையில சாஃப்ட் டிலீட். அதனாலதான் நானோடிரானஸ் திரும்ப வர முடிஞ்சது. பிராண்டோசாரஸ்கூட அப்படித்தான் நூறு வருஷத்துக்கு மேல மூலையில கிடந்து, 2015-ல் திரும்ப எழுந்தது. யாராவது புதுசா ஒரு எலும்பைக் கொண்டுவந்தா, பழைய முடிவைத் திருப்பிப் போடலாம். எலும்பு இருக்கிற வரைக்கும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

நர்மதைக் கரையோர ஜபல்பூர்ல படா சிம்லான்னு ஒரு குன்று. நூறு வருஷத்துக்கு முன்னாடி சார்லஸ் மாட்லிங்கிற ஆங்கிலேயர் அங்க தோண்டினார். 1933-ல் அவரும் ஃபிரெட்ரிக் ஃபான் ஹியூனும் சேர்ந்து புத்தகம் போட்டாங்க. கலந்து கிடந்த ஊன் தின்னி டைனோசர் எலும்புகளுக்கு வரிசையாப் பேர். இண்டோசூகஸ், இண்டோசாரஸ், லேவிசூகஸ், ஜபல்பூரியா, சீலுராய்டிஸ்னு போகுது. இதுல சிலதுக்கு ஆதாரம் ரெண்டு மூணு முள்ளெலும்பு மட்டும்தான். ஜபல்பூரியா டெனுயிஸ்னா மெலிஞ்சதுன்னு அர்த்தம். சீலுராய்டிஸ் லார்கஸ்னா பெருசு. ரெண்டும் ஒரே மாதிரி, ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. எனக்கு உடனே ஏரிக்கரை வக்கா ஞாபகம்தான் வந்தது. ஆனா நானோடிரானஸ் கதையைக் கேட்டபிறகு ஒண்ணுதான்னு அடிச்சுச் சொல்லவும் நாக்கு வரலை.

2004-ல் ஃபெர்னாண்டோ நோவாஸ், ஃபெடரிகோ அன்யோலின், சாஸ்வதி பந்தோபாத்யாய் மூணு பேரும் இந்த எலும்புகளைத் திரும்பப் பார்க்கக் கிளம்பினாங்க. பல பேர்களுக்கு, இது தனி இனம்தான்னு நிறுவ ஆதாரம் போதலைன்னு ஆச்சு. அதைவிட வருத்தம், 1933-ல் படம் போட்ட எலும்புகள்ல பல இப்போ தேடினா கிடைக்கலை. கிடைக்காத எலும்பை அறுத்து வளையம் எண்ண முடியாது.

இன்னும் கிட்ட வாங்க. அரியலூர்.

கல்லமேடு பக்கம் யாதகிரியும் அய்யாசாமியும் ஒரு ராட்சச விலங்கோட எலும்புகளைக் கண்டெடுத்து, 1980-களின் கடைசியில் வெளியிட்டாங்க. பேர் பிருஹத்காயோசாரஸ் மாட்லியை. பிருஹத்காயம்னா பேருடல். மாட்லியை யாருக்காக? ஜபல்பூர்ல தோண்டின அதே மாட்லிதான், அவர் திருச்சி மாவட்டப் பாறைகளையும் ஆராய்ஞ்சவர். முதல்ல இதை ஊன் தின்னின்னு எழுதினாங்க. பிறகு, இலை தழை தின்கிற நீளக் கழுத்து டைட்டனோசார்னு திருத்தினாங்க. கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் ரெண்டு மீட்டர். என் உயரத்தைவிட அதிகம். இந்த அளவு சரின்னா, எடை நூறு டன்னுக்கு மேல போயிருக்கலாம்னு 2023-ல் ஒரு கணக்கு வந்தது. உலகத்துல நடந்த விலங்குகள்லயே பெருசு நம்ம அரியலூர்க்காரரா இருக்கலாம்.

இருக்கலாம்தான். அதுக்கு மேல சொல்ல முடியாது. ஏன்னா அந்த எலும்புகள் இன்னைக்கு இல்லை. மழையும் ஈரமும் ஊறி, உதிர்ந்து, மண்ணாப் போயிடுச்சு. 2017-ல் வந்த கட்டுரை அதைப் பதிவு பண்ணியிருக்கு. 2022-ல் அய்யாசாமியும் ஒரு கூட்டாளியும் பழைய புகைப்படங்களைத் தேடி வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி, அது எலும்பே இல்லை, கல்லான மரமா இருக்கும்னுகூடச் சிலர் சந்தேகப்பட்டாங்க. படங்கள் வந்தது அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் பதில்.

ஆனா நாம இவ்வளவு நேரம் பேசின கேள்வியை அந்தப் படத்துக்கிட்ட கேட்டுப் பாருங்க. இது முழுசா வளர்ந்ததா? இல்லை, இன்னும் வளர்ந்துக்கிட்டு இருந்ததா? வேற ஏதோ தெரிஞ்ச டைட்டனோசாரோட பெரிய வயசா? புகைப்படத்தை அறுக்க முடியாது. அதுல வளையம் இல்லை. பேர் பத்திரமா இருக்கு. வரியை அழிக்கலை. அந்த வரி யாரைக் குறிச்சுதோ, அந்த ஆள் இல்லை. பேக்கப்பும் இல்லை.

எங்க ஊர்க்காரங்களுக்குப் பூசலார் நாயனாரைத் தெரியும். கையில காசில்லாம, மனசுக்குள்ளயே கல்லு கல்லாக் கோயில் கட்டினவர். சின்ன வயசுல இருந்து கேட்ட கதை. அரியலூர் பேருடலனை நினைக்கும்போது எனக்கு அதுதான் வருது. மனசுல கட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான் முடியும். பக்திக்கு அது போதும். விஞ்ஞானத்துக்குக் கல்லும் வேணும்.

இன்னொரு ஆச்சரியம் சொல்லி முடிக்கிறேன். வளர்ச்சியோட முதல் கட்டம் எது? முட்டை. முட்டைக்குத் தனியாப் பேர் வைக்கிற முறையே இருக்கு. உள்ள குட்டி இல்லாம யாரோட முட்டைன்னு சொல்ல முடியாதுங்கிறதால, ஓட்டோட அமைப்பை வெச்சுப் பேர். 2023-ல் டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துல 92 கூடு, 256 முட்டைன்னு வெளியிட்டாங்க. டைட்டனோசார் முட்டைகள். ஓட்டை வெச்சு ஆறு வகைன்னு பிரிச்சாங்க. அதே காலத்து இந்தியப் பாறைகள்ல எலும்பை வெச்சு உறுதியாச் சொல்ற டைட்டனோசார், ஐசிசாரஸ், ஜைனோசாரஸ்னு ரெண்டுதான். அப்போ இன்னும் பேர் வைக்காத அம்மாக்கள் மண்ணுக்குள்ள இருக்காங்கன்னு அர்த்தமா இருக்கலாம். ஒரு டேபிள்ல முட்டை, ஒரு டேபிள்ல எலும்பு, ரெண்டையும் இணைக்கிற சாவி இல்லை. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த வலி புரியும்.

அதனால ஒரு வேண்டுகோள். அரியலூர், பெரம்பலூர் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க நம்ம கேட்பவர்கள்ல நிறைய பேர். சிமென்ட் சுரங்கத்துக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுற பூமி அது. வயல்லயோ ஓடையிலயோ விசித்திரமா ஒரு கல்லைப் பார்த்தா, பெயர்த்து எடுத்து வீட்டு ஷோகேஸ்ல வைக்காதீங்க. எங்க, எந்த அடுக்குல கிடந்ததுங்கிற தகவல் போச்சுன்னா பாதி உயிர் போச்சு. பக்கத்துல ஒரு பத்து ரூபா நாணயத்தை வெச்சுப் படம் எடுங்க, போன்ல இடத்தைக் குறிச்சுக்கோங்க, வாரணவாசியில இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்துலயோ, பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறையிலயோ சொல்லுங்க. அது வெறும் கல்லாவே இருந்தாலும் பரவாயில்லை.

போன ஞாயித்துக்கிழமை திரும்ப ஏரிக்குப் போனேன். அதே மரம். பழுப்பும் இல்லாம சாம்பலும் இல்லாம நடுவுல ஒரு வக்கா. முதுகு லேசாக் கறுத்திருக்கு, நெஞ்சுல மட்டும் பழைய கோடு. போன வருஷம் பார்த்த அதே பறவையான்னு எனக்குத் தெரியாது. இந்தத் தடவை படத்தைக் குழுவுல போடும்போது பேர் எழுதலை. தேதியும் இடமும் மட்டும் எழுதினேன். பேரைப் பெரியவர் எழுதினார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.